தீபாவளி ஈரம்

கோச்சடையில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டு, வேறொரு ஊரில் தயாராகும் விண்வெளித் தொலைநோக்கியில் குறை கண்டுபிடிப்பது என் ஓய்வுகாலப் பணி. ஆய்வுக் குழுவில் வெளி உறுப்பினர் என்று பெயர். கேமராவில் தெரிகிற வரை சட்டை, தெரியாத இடத்தில் கைலி. வேலையில் இருந்தபோதும் இதே கூட்டங்கள்தான். அப்போது பேன்ட் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பார்ப்பதற்கான தொலைநோக்கி அது. நட்சத்திரத்தை ஒரு சிறு தகட்டால் மறைத்துவிட்டு, அதன் ஓரத்தில் இருக்கும் மங்கலான மினுக்கைத் தேட வேண்டும். மறைப்பு இம்மி விலகினாலும் நட்சத்திரம் எட்டிப் பார்த்துவிடும், கோள் போன இடம் தெரியாது. அதனால் இரண்டு கண்ணாடிகளையும் தாங்கிப் பிடிக்கிற பெரிய குழாய் வெயிலிலும் நிழலிலும் நீளவும் கூடாது, குறுகவும் கூடாது. கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அதைச் செய்வார்கள். சூட்டுக்கு அது அசைந்து கொடுக்காது. ஆனால் பிசினுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். மேலே போனதும் மாதக்கணக்கில் மெல்லக் காய்ந்து சுருங்கும்.

இது தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. குழாய் இருக்கும் அறையில் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் இரவு பகலாக ஓடும். தீபாவளிக்கு மட்டும் ஓடவில்லை. விடுமுறை நாட்களில் ஏசி முதலியவற்றை அணைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. சுற்றறிக்கையை வரிக்கு வரி நிறைவேற்றும் ஒரே பிரிவான கட்டடப் பராமரிப்பு, 'முதலியவற்றை' என்பதில் இந்த இயந்திரத்தையும் சேர்த்துக்கொண்டு, அணைத்துவிட்டுப் பலகாரம் சாப்பிடப் போய்விட்டது. வெளியே அடைமழை. படுக்கை வாக்கில் வைத்திருந்த குழாயின் அடிப்பக்கம் உறைக்குள் இருந்தது, மேல்பக்கம் திறந்து கிடந்தது. திரும்பி வந்தவர்கள் இயந்திரத்தைப் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அறை பழைய நிலைக்கு வந்தது. ஈரத்தைக் குடித்திருந்த குழாய் வரவில்லை. அப்படியே கண்ணாடிகளை நேர்ப்படுத்திப் பூட்டிவிட்டார்கள்.

குழாயை வெற்றிட அறையில் வைத்து உலர்த்திவிட்டு, கண்ணாடிகளை மறுபடி நேர்ப்படுத்த வேண்டும் என்று நான் ஒரு பாயிண்ட் எழுப்பினேன். எழுப்பிய பாயிண்ட்டை மூடாமல் தொலைநோக்கி கிளம்ப முடியாது, விதிப்படி அதை இரண்டே வழிகளில் மூடலாம். சொன்ன சோதனையைச் செய்து மூடலாம், இல்லாவிட்டால் எழுப்பியவரே மனம் மாறி மூடலாம். உலர்த்த உட்கார்ந்தால் ராக்கெட்டில் ஒதுக்கிய இடம் போய்விடும். எனவே என் மனம் மாற வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள்.

"ஃபோகஸ் மோட்டார் இருக்கே சார், மேல போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்றார் குழுத் தலைவர். தேன் தடவிய குரல்.

"கண்ணாடிய முன்ன பின்ன நகத்தத்தான் மோட்டார். ஒரு பக்கம் மட்டும் ஈரமான குழாய், காயும்போது வளையும். அதுக்கு மோட்டார் என்ன செய்யும்?" என்று கத்தினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டுக்கு மேல் தலையை நீட்டினார். "அண்ணே, உங்களுக்கும் மோட்டார் போச்சா? நல்ல பிளம்பர் இருக்கான், வரச் சொல்லவா?"

மறுவாரம் அந்தத் தொலைநோக்கியின் முழுப் பொறுப்பையும் ஏற்றிருக்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். என் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள். மேலூரில் அம்மாவைப் பார்க்க வந்த சாக்கு.

"சார், அந்தப் பாயிண்ட்ட க்ளோஸ் பண்ணிருங்க."

"காயட்டும், பண்றேன்."

"அது காயுறதுக்குள்ள என்னையக் காயப் போட்ருவாங்க சார். யாரால லேட்டுன்னு கேப்பாங்க. தூக்கிட்டு வேற ஆளப் போடுவாங்க. என் மகன் பிறந்தப்ப ஆரம்பிச்ச வேலை, இப்ப அவனுக்கு மீசை அரும்புது."

"சரி, மூடிர்றேன். வளையுமா, வளையாதா?"

அவள் காற்றாடியைப் பார்த்தாள். "வளையும் சார். நானே கணக்குப் போட்டேன்."

காபி கொண்டுவந்த என் மனைவி, "இவர்ட்டயாம்மா கேக்க வந்த? கேஸ் சிலிண்டருக்கே சீல் இருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாரு. இம்புட்டு வருசம் நான் படுறது போதாதா?" என்றாள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. சரியானதைச் செய்ய வைப்பதற்கு இத்தனை நாடகம் வேண்டியிருக்கிறதே என்ற பழைய அலுப்பு. ஆனாலும் நாடகம் எப்படிப் போடுவது என்பதும் எனக்குத் தெரியும்.

"அடுத்த கூட்டத்துல என்னை எதிர்த்துப் பேசு. நல்லாவே பேசு. நான் முடியாதுன்னுருவேன். லேட்டுக்குக் காரணம் இந்தக் கிழவன்னு குறிப்புல ஏறிரும். உன்னை யாரும் கேக்க முடியாது."

"உங்களப் போய் எப்படி சார்..."

"எனக்கென்ன, பிரமோஷனா நிக்குது?"

எதிர்த்துப் பேசினாள். நன்றாகவே பேசினாள். கணினி மாதிரிகள் இன்று எவ்வளவோ முன்னேறிவிட்டன என்றாள். அது நாங்கள் பேசி வைத்தது. "பயம் வேற, பொறியியல் வேற. சார் பயத்தை எழுதியிருக்கார்" என்றாள். அது பேசி வைக்காதது. திரையில் சிலர் சிரிப்பை அடக்கினார்கள். தலைவர் "மூடலாமா சார்?" என்றார். "மாட்டேன்" என்றேன்.

பிறகு என் சேவைக்கு நன்றி கூறி, குழுவைத் திருத்தி அமைத்துவிட்டதாக ஒரு மெயில் வந்தது. திருத்திய குழுவில் நான் இல்லை. மனம் மாறக்கூடிய ஒரே ஆளை அனுப்பிவிட்டால், சோதனை செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்பதைத் தலைவர் யோசிக்கவில்லை. விதியை அவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் இப்போது எனக்கு இல்லை. ராக்கெட்டில் அந்த இடம் வேறொரு செயற்கைக்கோளுக்குப் போனது. அடுத்த இடம் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

போன வாரம் அவள் போன் செய்தாள். "சார், குழாய் காய வேக்குவம் சேம்பருக்குள்ள போயிருச்சு. மேல்பக்கம் சுருங்க ஆரம்பிச்சிருக்கு."

"நீ?"

"இங்கதான் இருக்கேன் சார். இன்னமும் நான்தான் பாக்குறேன். எல்லாரும் உங்களத்தான் திட்டுறாங்க."

"நல்லது. அன்னைக்குப் பயம்னியே, அது நெசமாச் சொன்னதா?"

"பாதி சார்."

"எந்தப் பாதி?"

"ரீடிங் எடுக்கணும், வாரேன் சார்" என்று வைத்துவிட்டாள்.