மகாபலிபுரம் போகிற வழியில் ஓர் ஒன்றியப் பிரச்சினை

என் தங்கை சுதா பத்து வருடமாக டப்ளினில் இருக்கிறாள். குடியுரிமையும் அயர்லாந்துதான், வேலையும் அங்கே வெளியுறவுத் துறையில். இந்தத் தை மாதம் ஊரப்பாக்கம் வந்தவள், இனி இங்கேயே இருந்துவிடலாம் என்றாள். நான் மாடியில் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்த நேரம் பார்த்து அயர்லாந்து அரசிடமிருந்து மின்னஞ்சல். பக்கத்து நாடான பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகிறது, அதற்குத் தயாராகத் தூதரகங்களுக்குக் கூடுதல் ஆள் எடுக்கிறார்கள். சுதாவுக்குப் பெர்லின் தூதரகத்தில் மூன்று வருடம். நம்மூர் நேரப்படி வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குள் பதில் வேண்டும். அன்றைக்கு அவளை மகாபலிபுரம் கடற்கரைக்குக் கிளப்பியது நான்தான். நம்மூர்க் காற்று பட்டால் மறுத்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

ஊரப்பாக்கத்தில் பகல் 1.10 மின்சார ரயில். செங்கல்பட்டுக்குப் பத்து ரூபாய், முப்பத்தெட்டு நிமிடம். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். பேருந்து உண்டு, நாங்கள் போக வர 1,500 ரூபாய் பேசி டாக்ஸி எடுத்தோம். டிரைவர் பாபு மதுராந்தகம் பக்கத்துக்காரர். நாங்கள் பின்னால் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திரும்பினார்.

"இன்னா மேடம், ஒன்றியத்த வுட்டுப் போறாங்களா? எந்த ஒன்றியம், மதுராந்தகமா?"

சுதா சிரித்துவிட்டு விளக்கினாள். பாபு சிரிக்கவில்லை.

"எங்க பக்கத்து ஊர வேற ஒன்றியத்துல சேத்துட்டாங்க மேடம். போனது அவுங்க, பேஜாரு எங்களுக்கு. ரோடு பாதி அங்க, பாதி இங்க. ஒரு வருசம் எவனும் தார் ஊத்தல. முன்னாடியே நம்ம ஆளு ஒர்த்தரு அந்த ஆபீஸ்ல போய்க் குந்திகினு பேசியிருந்தா முடிஞ்சிருக்கும். யாரு போறது? அவங்கவங்களுக்கு அவங்கவங்க வூடு."

சுதா முன்சீட்டுப் பக்கம் சாய்ந்து அந்த ரோட்டைப் பற்றி மேலும் கேட்டாள். எனக்கு பாபு மேல் கோபம் கோபமாக வந்தது.

ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் இரண்டுக்கும் ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு நாற்பது ரூபாய். வெயில் தாழ்ந்து மூன்றரைக்கு மேல் போங்கள். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்வது நல்லது. சுதா வாங்கவில்லை.

ஐந்து இருபதுக்கு மணலில் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, உன் போன்ல ஹாட்ஸ்பாட் போடேன்."

பெர்லினுக்குச் சம்மதம் சொல்லத்தான் என்று புரிந்தது. சார்ஜ் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் கடத்தினால் போதும், கெடு முடிந்துவிடும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தேன்.