தாய்மாமன் மடியும் தடுப்பூசியும்

பிரசவ வார்டு நர்ஸுக்கு ஊசி போடுவது சுலபம், போட விடுங்கள் என்று கெஞ்சுவதுதான் வேலை. வெள்ளை உடுப்பு மாட்டிய என் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கண் பரிசோதனை

ஆனையூரிலிருந்து கர்ப்பகால செக்கப்புக்கு வந்த செல்வியின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. காமாலைக் கிருமிதான், பிரசவத்தின்போது பிள்ளைக்குத் தொற்றலாம், பிறந்த அன்றே ரெண்டு ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்று பக்குவமாகச் சொன்னேன். செல்விக்கு முகம் வாடிவிட்டது. கூட வந்த மாமியார் அவள் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், பிறகு என்னையும் உற்றுப் பார்த்தார்.

"இவ கண்ணு பால் மாதிரி இருக்கு. ஒங்க கண்ணுதான் சிஸ்டர் லேசா மஞ்சப் பூத்திருக்கு."

வெள்ளை வளைகாப்பு

கிருமி ரத்தத்தில்தான் பரவும், சாப்பாட்டில் இல்லை, தொட்டாலும் ஒட்டாது என்று தொண்டை வறளச் சொல்லி அனுப்பினேன். வளைகாப்புக்குப் போனால் எலுமிச்சைச் சாதம் இல்லை, புளியோதரை இல்லை. தயிர்ச் சாதம், தேங்காய்ச் சாதம், அப்புறம் வெறும் சாதம். சாம்பாரில்கூட மஞ்சள்தூள் போடவில்லை. அது என்ன நிறத்தில் இருந்தது என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் கட்டிப்போனதோ மஞ்சள் புடவை. மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"கோவிச்சுக்காம பின்பக்கமா வாங்க சிஸ்டர், மஞ்சள எல்லாம் அங்கிட்டுத்தான் வச்சிருக்கோம்."

கோரிப்பாளையத்தில் நின்ற வேன்

பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று மத்தியானமே செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊசிகளோடு போனேன், மாமியார் குறுக்கே நின்றார். காது குத்து மாதிரி, பிள்ளை உடம்பில் படும் முதல் ஊசியும் தாய்மாமன் மடியில்தானாம். அந்தத் தாய்மாமன், அதாவது செல்வியின் அண்ணன், உசிலம்பட்டியிலிருந்து சீர்த்தட்டோடு கிளம்பி, கோரிப்பாளையம் நெரிசலில் வேனோடு நிற்கிறாராம்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. போனைப் போட்டுப் பேசினேன். ரெண்டு ஊசி என்று கேட்டதும் பேரத்தில் இறங்கிவிட்டார், ஒன்றை இப்போது போடலாமாம், மற்றதைத் தான் வரும்வரை எடுத்து வைக்க வேண்டுமாம். படுத்திருந்த செல்வி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, எம் பிள்ளைக்கு நோய் வந்தா அதையும் சீர்த்தட்டுல வச்சு எடுத்துட்டுப் போவியா? ரெண்டையும் போடச் சொல்லிட்டேன்."

ரிசல்ட்

ரெண்டு தொடையிலும் போட்டுவிட்டேன். அடுத்தடுத்த தடுப்பூசிகளுக்கு அண்ணன் சலவை வேட்டியோடு ஆஜராகி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அது அழும் முன்னால் தான் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு வயது தாண்டியதும் குழந்தைக்கு ரத்தம் எடுத்தோம். ரிசல்ட் வரும்வரை செல்வி என் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை. கிருமி இல்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், எனக்கும் தாங்கவில்லை. அண்ணன் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"அப்ப இனிமே காதுக்குத்தான சிஸ்டர் ஊசி? மடி தயாரா இருக்கு."

கிருமிக்கு ஊசி கண்டுபிடித்துவிட்டார்கள், தாய்மாமனுக்குத்தான் இன்னும் ஒன்றும் வந்தபாடில்லை.