கஞ்சியில் காய்ச்சிய துரு

கார் கதவைத் திறந்ததும் உள்ளே தலையை விட்டு மூச்சை இழுக்கிறார். வண்டியின் உரிமையாளர் பக்கத்தில் நின்று அதன் பூர்வீகத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது இவர் காதில் விழுவதில்லை. முன்சீட்டு, பின்சீட்டு, டிக்கி என்று வரிசையாக முகர்ந்துவிட்டு நிமிர்கிறார்.

"உள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. மத்தபடி நல்ல மனுஷன் வச்சிருந்த வண்டிதான்."

உரிமையாளருக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரிவதில்லை.

எங்கள் தெருக்கோடியில் தகரக் கூரை போட்ட பட்டறை இவருடையது. தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பழைய கார்களைத் தயார் செய்து கொடுக்கிறார். தெருவில் இவருக்குத் துருவாசர் என்று பெயர். புராண முனிவருக்கு வரும் கோபம் இவருக்கும் வரும். போதாததற்குத் தொழிலும் துரு. பெயரை வைத்தவர் எதிர் டீக்கடைக்காரர். இவர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டறைப் பலகையிலேயே எழுதிவிடலாமா என்று யோசித்தார். மனைவிதான் தடுத்துவிட்டார்.

பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர் என்று இவரைப் பற்றி ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. அது தவறு. பளபளவென்று வருகிற வண்டிகளை இவர் பாழாக்கித் தருகிறார். ஆயுள் முழுக்க மெழுகு போட்டுத் துடைத்து வைத்த காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "எங்கப்பா மாதிரி சார் இந்த வண்டி" என்று ஒருவர் கண் கலங்கினார். "உங்கப்பாவுக்கு நாடகத்துல வேஷம் கிடைச்சிருக்குன்னு நெனச்சுக்குங்க. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க" என்று தேற்றி அனுப்பினார்.

வண்டிகளுக்கு இப்படி வயதை ஏற்றுகிறவர், தம் மீசைக்கு மட்டும் ஞாயிறு தவறாமல் கறுப்புச் சாயம் பூசிக்கொள்கிறார். அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

இப்போது ஓடும் தொடரின் கதை தாத்தா காலத்தில் நடக்கிறது. அந்தக் காலத்தில் அந்தக் கார்கள் அப்போதுதான் கடையிலிருந்து வந்த புது வண்டிகள். இதை இவர் ஒருமுறை இயக்குநரிடம் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் இரக்கத்தோடு இவர் தோளில் கை வைத்தார்.

"மாஸ்டர், வண்டி புதுசா இருந்தா அது பழைய காலம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து மாப்பிள்ளைக்குச் சீராக வந்த புத்தம்புதுக் காரிலும் துரு உண்டு. கதாநாயகிக்கு வியர்க்கும் என்பதால் தாத்தா காலத்துக் காரின் சீட்டுக்கு அடியில் குளிர்சாதனமும் உண்டு. அது போடும் இரைச்சலுக்குப் பின்னணி இசையைக் கூட்டிக்கொள்கிறார்கள். கேமரா உள்ளே போக வேண்டுமென்று கூரையை அறுத்து, டப்பா மூடிபோலக் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறார். கதாநாயகனுக்குக் கியர் போடத் தெரியாது. ஆகவே முன்னால் போகும் வேனில் கயிற்றைக் கட்டிக் காரை இழுக்கிறார்கள். அவர் ஸ்டியரிங்கை மாவாட்டுவதுபோல் சுற்றுகிறார். ஒரே கார் திங்களன்று பண்ணையார் வண்டி, புதனன்று டாக்டர் வண்டி, வெள்ளியன்று வில்லன் வண்டி. "நடிகனுங்க கூட இவ்ளோ வேஷம் கட்ட மாட்டானுங்க. ஆனா பேரு போடறப்ப வண்டி பேரு வராது, என் பேரும் வராது" என்பார்.

பெயர் வராத குறைதான் இவருடைய உண்மையான கோபம். மற்ற கோபங்களெல்லாம் அதன் கிளைகள்.

துருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். "துரு இஷ்டத்துக்கு வராது சார். மழைத் தண்ணி எந்த வழியா வடியும், எங்க போய்த் தங்கும்னு தெரிஞ்சவன்தான் துரு வைக்கலாம். மத்தவன் வச்சா அது சொறி." மைதாக் கஞ்சியில் செங்கல் தூள், காப்பித்தூள் சக்கை, பட்டைப் பொடி மூன்றையும் காய்ச்சிக் கிளறி, ஸ்பான்ஜால் ஒற்றி ஒற்றி வைக்கிறார். காய்ந்தால் இரும்பு அரித்தது போலவே சொரசொரவென்று நிற்கும். கிட்டே போனால் மசாலா வாசனை அடிக்கும். டிவியில் வாசனை வராது என்பது இவருடைய பெரிய ஆறுதல்.

இந்தக் கஞ்சிக் கலவை பிறந்ததற்குக் காரணம் மனைவி. தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர், அதிகம் பேசாதவர். தந்தை இறந்தபோது தம்பிகள் வீட்டைப் பங்கிட்டுக்கொள்ள, அவர் தந்தையின் கரும்பச்சைக் காரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை வேலைக்கு ஓட்டிப் போகிறார், கணவரைத் தொடவிடுவதில்லை. தொடரில் இறந்துபோன தாத்தாவின் காரைப் பேத்தி ஒரு பாழடைந்த கொட்டகையில் கண்டுபிடித்து, பானெட்டின்மேல் விழுந்து அழும் காட்சி வந்தது. அதற்கு அந்தக் கார்தான் வேண்டுமென்று துருவாசர் வீட்டில் உண்ணாவிரதம்போல் உட்கார்ந்தார். கடைசியில் மனைவி இறங்கி வந்தார்.

"அறுக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது. தண்ணி ஊத்துனா போயிடணும். அதுல ஒரு கீறல் விழுந்துச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

இவர் தம் வாழ்நாளின் சிறந்த வேலையை அந்தக் காரில் செய்தார். விளக்குக் கண்ணாடிகளில் புகை ஏற்றினார். டயர்களில் பாதிக் காற்றை இறக்கினார். சக்கரத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லைச் சொருகினார். சிலந்தி வலைக்குப் பஞ்சைப் பிரித்து இழுத்தார். தவறிக்கூட ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாதென்று பாட்டரியைக் கழற்றினார். எண் பலகையை எடுத்துவிட்டு, தொடருக்கென்று செய்த பொய் எண்ணை மாட்டினார். மறுநாள் படப்பிடிப்பு. கஞ்சி நன்றாகக் காயட்டும் என்று வண்டியைத் தெரு வெயிலில் தள்ளி நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்தபோது கார் இல்லை. எதிர்வீட்டு வக்கீல் திண்ணையில் சாய்ந்தபடி சொன்னார்: "யாரோ ஒரு பாழாப்போன காரை நம்ம தெருவுல போட்டுட்டுப் போயிட்டான். நான்தான் நகராட்சிக்குப் போன் பண்ணேன். லாரி வந்து தூக்கிட்டுப் போச்சு."

நான் பக்கத்தில் இருந்தேன். துருவாசர் அவர்மேல் பாய்வார் என்று நினைத்தேன். இவர் முகம் மலர்ந்தது.

"வக்கீல் சார், நீங்களே நம்பிட்டீங்களா?"

மனைவிக்குச் செய்தி போன பிறகுதான் இவருக்குப் பயம் வந்தது. அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பதிவுப் புத்தகத்தையும் அசல் எண் பலகைகளையும் எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் முன்னால் ஏறினார். பின்னால் நாங்கள் இருவரும்.

கைவிடப்பட்ட வண்டிகளைச் சேர்க்கும் நகராட்சி மைதானத்தில், நசுக்கும் எந்திரம் வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு வேன் உள்ளே போய்ப் பீரோ அளவில் வெளியே வந்தது. அதற்கு அடுத்து வரிசையில் நின்றது கரும்பச்சைக் கார்.

"அந்த நம்பர்ல வண்டியே கிடையாதும்மா. நோட்டீஸ் அனுப்ப விலாசமும் இல்ல. விலாசம் இல்லாத வண்டி நேரா மெஷினுக்குத்தான்" என்றார் மேற்பார்வையாளர். அசல் பலகையை நீட்டியபோது, "தகடு யார் வேணும்னாலும் கொண்டாரலாமே" என்றார். ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார். பாட்டரி பட்டறையில் இருந்தது.

துருவாசர் முன்னால் வந்தார். "சார், ஒண்ணு கேக்கறேன். இந்த வண்டியப் பாத்த உடனே உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"பாவமா இருந்துச்சு."

துருவாசருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. "எத்தனை வருஷமாக் கிடக்குற மாதிரி…"

"ஏங்க!" மனைவியின் குரல் எந்திரத்தையும் மீறிக் கேட்டது. "எங்கப்பா காரை நசுக்கப் போறான். நீங்க இங்க நின்னு பாராட்டு வாங்கிக்கிட்டிருக்கீங்க!"

கைப்பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்தார். கணவருக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ, பானெட்ட விட்டுடு. நாளைக்கு அந்தப் பொண்ணு அங்கதான் விழுந்து அழணும். டிக்கிப் பக்கம் தொடச்சுக் காட்டேன்."

"அவ எங்க வேணா விழட்டும்."

பானெட்டின் நடுவில் தண்ணீரைக் கொட்டி, முந்தானையால் அழுத்தித் தேய்த்தார். செங்கல் நிறத்தில் சேறு வழிந்தது. அதன் அடியிலிருந்து கரும்பச்சை பளிச்சென்று வெளிவந்தது. மேற்பார்வையாளர் குனிந்தபோது அவர் முகமே அதில் தெரிந்தது. அவர் விரலால் சேற்றைத் தொட்டு முகர்ந்து பார்த்து, "என்னம்மா இது, குருமா வாசனை வருது?" என்றார். மனைவி பானெட்டைத் தூக்கி, உள்ளே தகட்டில் பதித்திருந்த சேஸி எண்ணையும் துடைத்தார். மேற்பார்வையாளர் அதைப் பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. மேற்பார்வையாளர் எந்திரக்காரரைப் பார்த்து வேண்டாமென்று கையை அசைத்துவிட்டு, விடுவிப்புச் சீட்டு எழுத அறைக்குள் போனார்.

மனைவி பானெட்டை மூடிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தார். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

துருவாசர் பானெட்டின் பச்சைத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல நகர்ந்து, அடுத்த வரிசையில் கிடந்த ஒரு வண்டியிடம் போனார். அது உண்மையாகவே பல மழைக்காலங்கள் நனைந்து அரித்துப்போனது. அதன் கதவிலிருந்து துருவை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் ஏந்தி வந்து, பச்சைத் திட்டுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த தம் துருவோடு சேர்த்து வைத்து, வெயிலில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். உதட்டைப் பிதுக்கினார். கையை உதறி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.