மறைத்து வைத்த ஆறு சொற்கள்

டெஸ்மண்ட் ஆர்செனோ கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நான்கு வருடம் ஆடினான். அதில் பந்து அவன் கைக்கு வந்தது இரண்டே முறை. அது குறையல்ல, அவன் வேலை அப்படி. தடுப்பு அணியின் முன்வரிசைத் தடியர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பந்தோடு ஓடி வருகிறவனை மண்ணில் சாய்க்க வேண்டும். லூசியானாவின் நெல்வயல் ஊர்களில் அதற்கு ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. சனிக்கிழமைகளில் மைதானத்துக்கு வெளியே அண்டா வைத்து ஜம்பலாயா சோறு கிளறுகிறவர்களுக்கு அவனை ஐம்பத்தாறாம் எண்ணாகத்தான் தெரியும். நல்ல ஆட்டக்காரன், அபூர்வமானவன் அல்ல. அதை அவனே அறிந்திருந்தான். ஆட்டம் தன்னை வேறெங்கும் கொண்டுபோகாது, படிப்புக்குப் பணம் கட்டாமல் ஒரு பட்டம் வாங்கித் தரும், வீட்டில் முதல் பட்டம், அது போதும் என்று நினைத்திருந்தான்.

முதல் வருடம் ஆகஸ்டில், பயிற்சி தொடங்கும் முன், புதியவர்களைக் கணினிகளின் முன்னால் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு சொற்கள் திரையில் வந்து மறையும். சற்று நேரம் கழித்து ஞாபகமிருப்பவற்றைச் சொல்ல வேண்டும். பிறகு வடிவங்கள், நிறங்கள். அதில் வாங்கும் மதிப்பெண்ணை எழுதி வைத்துக்கொள்வார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி தேர்வு. பழைய எண்ணை எட்டினால்தான் மைதானத்துக்குள் விடுவார்கள்.

கோர்டெல் என்ற மூன்றாம் வருடத்துக்காரன் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"உள்ள போய் உன் புத்திசாலித்தனத்தைக் காட்டாதடா," என்றான். "நாளைக்கு அடிபட்டா அதே புத்திசாலித்தனத்தை மறுபடி காட்டச் சொல்வானுங்க. ஆனா ஒரேயடியா கோட்டை விட்டா மெஷின் கண்டுபிடிச்சிரும். பாதி. பாதிதான் சொல்லணும்."

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பயிற்சியாளருக்குத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

பாதியை மறைக்க முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். டெஸ்மண்ட் பன்னிரண்டு சொற்களையும் மனதில் நிறுத்தி, எதைச் சொல்வது, எதை விடுவது என்று நிதானமாகப் பிரித்தான். ஆறைச் சொன்னான். அணியின் காயங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷார்லீன் மதிப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்ல கண்ணு, உன்னை யாரும் கணக்கு வாத்தியாரா எடுக்கலையே."

திட்டம் பிசகவே இல்லை. அதன் தீமையும் அதுதான். இரண்டாம் வருடம் ஒரு மோதலுக்குப் பின் எழுந்தவன், நேராக எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நின்றான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். நான்காம் நாள் தேர்வு வைத்தார்கள். பழைய எண்ணைச் சுலபமாகத் தாண்டினான். அடுத்த வருடம் இரண்டு முறை, கடைசி வருடம் மூன்று முறை. வெளியே சொல்லாதவை தனி. உள்ளூர் வானொலியில் பயிற்சியாளர் அவனுக்கு இரும்பு மண்டை என்றார். அவன் அம்மா, ஓடில் என்று பெயர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், அதைக் கேட்டுவிட்டு வானொலியை அணைத்தாள்.

நவம்பரில் அவன் ஆட்டக்காலம் முடிந்தது. பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடப் பாடம் பாக்கி இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான், புத்தகப் பக்கத்தின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துவிடுகிறது என்பதைக் கண்டான். ஒருநாள் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து ஒரே சேதியை ஒரே மாலையில் மூன்று முறை சொன்னான். இரண்டாம் முறை அவள் திருத்தினாள். மூன்றாம் முறை திருத்தவில்லை.

ஆட்டத்தில் தலைக்குக் கேடு வந்தது என்று பதிவானால், பட்டம் முடியும்வரை படிப்பையும் வைத்தியத்தையும் கல்லூரி பார்த்துக்கொள்ளும். பதிவாகாவிட்டால் மே மாதத்தோடு சரி. ஏப்ரலில் ஓடில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனை ஷார்லீனிடம் அழைத்துப் போனாள். அவன் முதல் தடவையாக அந்தத் தேர்வை உண்மையாக எழுதினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஷார்லீன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் வருடத்து எண்ணும் இன்றைய எண்ணும் ஏறக்குறைய ஒன்றே. மாற்றம் எதுவும் இல்லை என்று அணியின் மருத்துவர் எழுதியிருந்தார்.

"அன்னிக்கு நான் வேணும்னே பாதியை விட்டேன் மிஸ் ஷார்லீன்," என்றான்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "அதை நான் எழுதினா, அப்புறம் ஆறு தடவை உன்னை உள்ள விட்டது யாருன்னு கேப்பாங்க. நீயும் ஒவ்வொரு தடவையும் தலைவலி இல்லைனு கையெழுத்துப் போட்டிருக்க, கண்ணு."

அவள் பொய் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் தாளில் இருந்தது அவன் பதினெட்டு வயதில் சொன்ன பொய் மட்டுமே. அதுவே இப்போது அவனை அளக்கும் கோலாகிவிட்டது.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கோர்டெலைத் தொலைபேசியில் அழைத்தான். அவன் இப்போது வேறு ஊர்ப் பள்ளி ஒன்றில் பயிற்சியாளன். நடந்ததை ஒரு கடிதமாக எழுதித் தர முடியுமா என்று டெஸ்மண்ட் கேட்டான்.

"நானா சொன்னேன்? இருக்கலாம். எனக்கும் இப்பல்லாம் நிறைய ஞாபகம் இல்லடா," என்றான் கோர்டெல்.

அது நிஜமா, நழுவலா என்று டெஸ்மண்டுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் கடிதம் வரப்போவதில்லை.

சதுப்பு நிலத்தின் மேல் போகும் நீண்ட பாலத்தில் வண்டி ஏறியது. ஏதாவது பேச வேண்டுமே என்று ஓடில் கேட்டாள்.

"இன்னிக்கு என்னென்ன வார்த்தை வந்துச்சு?"

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தண்ணீரில் நின்ற மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஏணி," என்றான் திடீரென்று. "வெண்ணெய். நரி. கொக்கி. சாம்பல். தபால்."

"பாத்தியா, ஞாபகம் இருக்கே."

"இது இன்னிக்கு வந்தது இல்லம்மா. முதல் வருஷம் நான் சொல்லாம விட்டது."

ஓடில் வேகத்தைக் குறைத்தாள். திரும்பிப் போய் ஷார்லீனிடம் சொல்லலாம். ஆனால் அந்த ஆறு சொற்களையும் அவன் அன்றே அறிந்திருந்தான் என்பதற்கு அவன் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. பாலத்தில் வண்டியைத் திருப்பவும் வழியில்லை. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

பாலம் முடியும் தறுவாயில் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"என்னென்ன வார்த்தை வந்துச்சுன்னு கேட்டியே, சொன்னேனா?"

"சொல்லிட்டடா," என்றாள்.