பாட்டில் படம் இல்லாத பெட்டி

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதன் பிறகு பம்பாய், ரியாத்தின் பத்தா கடைத்தெருவில் ஒரு டீக்கடை, கடைசியில் அமீரகத்தில் அல் ஐன். அதற்கு முன் எந்த இடத்திலும் மூன்று வருடம் நிலைத்ததில்லை. அல் ஐனில் ஒரு ஹோட்டல் குடும்ப விசா கொடுத்ததால் நின்றேன். அங்கிருந்த மதுக்கூடத்தின் ஸ்டோரில் பெட்டிகளை இறக்கி அடுக்கும் வேலை. மனைவிக்குத் தெரியும். மகளிடம் லாண்டரி என்று சொல்லியிருந்தோம்.

மகளுக்குப் பதினான்கு வயது. நான் வெள்ளிக்கிழமைத் தொழுகையோடு சரி, அதுவும் சில வாரம் தூக்கத்தில் போய்விடும். அவளோ அந்த வருடம் ஐந்து வேளையும் தொழ ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. கூடப் படித்த பிள்ளைகள் ஆங்கிலப் பாட்டும் வீடியோ கேமுமாகத் திரிந்தபோது, இவள் வீட்டு டிவியைத் துணி போட்டு மூடினாள்.

"எனக்கு மாமியா இல்லாத குறைய இவ தீர்க்கிறா" என்று மனைவி சிரித்தாள்.

லீவு நெருங்கினால் ஊருக்குச் சாமான் கட்ட எல்லோரும் கெட்டியான அட்டைப்பெட்டி தேடி அலைவார்கள். என் ஸ்டோரில் அதற்குப் பஞ்சமில்லை. பாட்டில் படம் இல்லாததாகப் பார்த்து நான்கு பெட்டி கொண்டுவந்தேன். மேலே ஏதோ எழுதியிருந்தது. ஆங்கில எழுத்து எனக்கு வெறும் கோடு.

பால்மாவு டின்களை அடுக்க உட்கார்ந்த மகள் ஒரு பெட்டியைத் திருப்பினாள். பிறகு மற்ற மூன்றையும் திருப்பினாள்.

"வாப்பா, உங்க லாண்டரில விஸ்கி ஊத்தியா துவைக்கிறீங்க?"

நான் பெட்டியை வாங்கி எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அதுவே அவளுக்குப் போதும்.

அன்றிலிருந்து வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. ஹராமான சம்பளத்தில் வந்த அரிசி என்றாள். குழாய்த் தண்ணீர் குடித்தாள். சாலையோரத்துப் பேரீச்ச மரங்களின் கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கழுவித் தின்றாள். மூன்றாம் நாள் பள்ளிக்கூடப் படியில் மயங்கி விழுந்தாள்.

"மச்சான், புள்ள செத்துப்போயிரும். வேலைய விட்டுருங்க" என்றாள் மனைவி.

"விட்டா விசா கேன்சல். மூணு பேரும் ஊருக்குத்தான். அங்க போயி எதத் திங்கிறது?"

"இங்க மட்டும் அவ எதத் திங்கிறா?"

மேனேஜரிடம் போய் உண்மையாகவே லாண்டரிக்கு மாற்றிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். "லாண்டரில ஆள் ஃபுல், பாய். ஸ்டோர் வேணாம்னா கலாஸ், வேலை முடிஞ்சுது. ஊருக்கு டிக்கெட் போடவா?" என்றார்.

நேராக லாண்டரிக்கு நடந்தேன். அங்கிருந்த வங்காளியிடம் ஒரு பிடி சோப்புத்தூள் கேட்டேன்.

"க்யா பாய், ஷாதியா?" என்று, கல்யாணத்துக்குப் போகிறவனைக் கேட்பதுபோல் சிரித்தபடி கொடுத்தான். சட்டையிலும் கையிலும் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மகள் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"மாத்திட்டாங்கம்மா. இன்னையிலருந்து லாண்டரிதான்."

என் கையைப் பிடித்து முகர்ந்தாள். பிறகு கண்ணைப் பார்த்தாள்.

"அல்லாஹ் மேல ஆணையா?"

மனைவி அடுப்படிக்குள் திரும்பிக்கொண்டாள்.

"அல்லாஹ் மேல ஆணையா" என்றேன்.

கஞ்சி வந்தது. முதல் இரண்டு வாய் வாந்தியாகிவிட்டது. பிறகு குடித்தாள். கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். அதற்குப் பிறகு அந்த ஸ்டோரில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். லாண்டரிக்குள் போகாமல் ஒரு நாளும் வீடு திரும்பவில்லை.

அன்று கஞ்சி குடித்து முடிக்கும்போது அந்தி மஃரிப் பாங்கு கேட்டது. சுவரைப் பிடித்து எழுந்து, கைகால் முகம் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்தாள். வழக்கமாக ஒரு முசல்லாப் பாயை விரிப்பவள் அன்று இரண்டு விரித்தாள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால்.

"வாப்பா, இன்னைக்கு நீங்க முன்னால நின்னு தொழ வைங்க."

நின்றேன். ஓத வேண்டியது பாதி மறந்திருந்தது. தட்டுத் தடுமாறி ஃபாத்திஹாவை முடித்தேன். எனக்குப் பின்னால் அவள் சத்தமாக ஆமீன் சொன்னாள்.