முதல் பக்கத்துக்கு ஒரு படம்

படம் பிடிக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பவர் உண்மையானவரா, தெரிந்துகொண்டு தலைவாரிப் பொட்டிட்டு வந்து நிற்பவர் உண்மையானவரா? தெஹியோவிட்டவுக்கு மேலே ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்த சுமித்ரா, இணையதளம் செய்து பிழைக்கத் தொடங்கியதுமே இந்தக் கேள்வி அவளிடம் வந்து சேர்ந்தது. அவள் அதைக் கேள்வியாக எண்ணவில்லை, தலைவலியாகத்தான் எண்ணினாள்.

மாவனல்லை வியாபாரி முக்தார், தோட்டத்துப் பழைய பங்களாவைக் குத்தகைக்கு எடுத்து விடுதியாக்கியிருந்தார். விடுதியின் இணையதளம் அவருக்குப் பிடித்தால் அவருடைய கடைகளின் தளங்களும் சுமித்ராவுக்கே. இல்லாவிட்டால் அவள் பழையபடி அவிசாவளைத் துணிக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

முதல் பக்கத்துக்கென்று அவர் அனுப்பிய படத்தில் ஒரு பெண் கூடையோடு கொழுந்து பறித்தபடி சிரித்தாள்.

“முக்தார் நானா, இது தேயில. இங்க ஒரு தேயிலச் செடிகூட கெடையாதே.”

“வெள்ளக்காரனுக்கு வெளங்கவா போகுது, மகள்?”

“வந்து எறங்குனா வெளங்குமே. கொழுந்து எங்கன்னு கேட்டா நீங்களா கூடைய மாட்டிக்கிட்டு நிப்பீங்க?”

முக்தார் சிரித்துவிட்டார். “சரி, நீயே எடு.”

முதல் பக்கத்தில் ஒரே படம். அது அந்த இடத்தில் மட்டுமே எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவள் கற்றது இவ்வளவுதான். வெளிச்சம் பார்க்கப் போன காலையில், அம்மா விஜயகலா ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை அவளுக்குத் தெரியாமல் எடுத்தாள். பழைய சட்டை, தலையில் துணி, பட்டையில் கத்தி, சிரட்டைக்குள் நூலாக இறங்கும் பால்.

மாலையில் படத்தைப் பார்த்த விஜயகலா பதறினாள். “அடியே, இந்தக் கோலத்துலயா ஒலகத்துக்குக் காட்டப் போற? நாளைக்கு வா, ஒழுங்கா நிக்கிறோம்.”

மறுநாள் காலை பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் அத்தனை பேரும் தீபாவளிப் பட்டுச்சேலையில் வந்து நின்றார்கள். கங்காணி பழனியாண்டி வாயைப் பிளந்தார்.

“என்ன புள்ளைகளா, மரத்துக்குக் கல்யாணமா?”

“மாப்பிள்ளையே நீங்கதான் கங்காணி. போயி குளிச்சிட்டு வாங்க!” என்றாள் அடுத்த வீட்டுத் தங்கம்மா.

ரப்பர் பால் பட்டால் கறை போகாது. ஆகவே சேலைகள் முழங்கால்வரை ஏறி ஊசி குத்திக்கொண்டன. பட்டுக்கு மேல் பொலித்தீன் வந்தது. ஒருத்தி ஒரு கையில் வாளியும் மறு கையில் கல்யாண வீட்டுக் கைப்பையுமாக நின்றாள். தங்கம்மா அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்திருந்தாள்.

“சிரிங்கக்கா.”

“சிரிச்சா பல்லு தெரியும்.”

“தெரியட்டுமே.”

“இல்லாத பல்லும்ல தெரியும்!”

வரிசை முழுவதும் குலுங்கியது. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. பட்டுச்சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு எல்லாரும் பங்களாவை நோக்கி ஓடினார்கள். விஜயகலா சேற்றில் வழுக்கி உட்கார்ந்தாள். தூக்க வந்தவளையும் இழுத்து உட்கார வைத்தாள். சுமித்ரா ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் பொத்தானை அழுத்தினாள்.

முக்தார் எல்லாப் படங்களையும் பார்த்தார். பட்டுச்சேலை வரிசையை, “இது கல்யாண ஆல்பம்” என்றார். மழைப் படத்தை, “இது ஆடிப் போயிருக்கே” என்றார். விஜயகலா தனியாகப் பால் வெட்டும் படத்தில் அவர் விரல் நின்றது. “இதுதான். இதப் போட்டா கடை வேலையும் ஒனக்குத்தான்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. சுமித்ரா அறிந்த எந்த விதிப்படி பார்த்தாலும் அதுதான் படம்.

முக்தார் கேட்கும் படம் எது என்று அவள் தயங்கி அம்மாவிடம் சொன்னாள். சேலையில் படிந்த சேற்றைக் கசக்கிக்கொண்டிருந்த விஜயகலா தலை நிமிரவில்லை. “நீ பொழைக்கணும்ல. போட்டுக்க.”

சுமித்ரா ஏற்றியது மழைப் படத்தை. அதில் ஒரு முகமும் தெளிவில்லை. மரங்களுக்கிடையே நிறங்கள் கீற்றுக் கீற்றாக ஓடுகின்றன; யாருடையதோ ஒரு செருப்பு அந்தரத்தில் நிற்கிறது.

முக்தார் உடனே அழைத்தார். “நான் சொன்னதென்ன, நீ போட்டதென்ன?”

“பக்கம் சீக்கிரமா தொறக்குதா, நானா?” என்று மட்டும் கேட்டாள்.

கடைகளின் வேலை கொழும்பில் யாருக்கோ போனது. ஏன் அந்தப் படம் என்று பிறகு அம்மாவும் கேட்டுப் பார்த்தாள். சுமித்ரா துணிக்கடைக்கு பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.