ஒன்பது வருஷம் நின்ற எஞ்சின்

பம்ப் ஹவுஸில் ஒரு காலத்தில் அந்த ஃபிட்டருக்கு 'நாளைக்கு' என்றுதான் பெயர். வேலையில் கெட்டிக்காரர். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் எந்த வேலையைச் சொன்னாலும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பார். அவர் கல்யாணமே இரண்டு தடவை தள்ளிப்போய்த்தான் நடந்தது என்று கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒன்பது வருஷமாக அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை.

பள்ளத்தில் இருக்கும் ஏழு தெருக்களின் மழைத்தண்ணீரை எடுத்து ஆற்றில் விடுவதுதான் அந்தப் பம்ப் ஹவுஸின் வேலை. மின்சார மோட்டார்கள் இரண்டு. கரண்ட் போனால் ஓட்டுவதற்குப் பின்பக்க அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு டீசல் எஞ்சின். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் ஃபிட்டரின் அக்கா கணவர். இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் அதைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் கைப்பிடி தானாகக் கழன்று கையோடு வந்துவிடும். அன்று வரவில்லை. எஞ்சினோடு சேர்ந்து சுழன்று அவர் நெஞ்சில் அடித்தது. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். எஞ்சின் அறையைப் பூட்டினார்கள்.

அன்றோடு அக்கா தம்பியிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வீடு ஒன்றும் தூரமில்லை. பம்ப் ஹவுஸின் பின்சுவரை ஒட்டிய தெருவில் மூன்றாவது வீடு. தினமும் அந்த வாசலைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போனார்.

இந்த வருஷ மழையில், ஒரு திங்கட்கிழமை, இரண்டு மோட்டார்களில் ஒன்று எரிந்துபோனது. மற்றது தனியாக நின்று திணறியது. இன்ஜினீயர் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"அந்த டீசல் எஞ்சின் ஓடுமா?"

"ஓடாது மேடம்."

"ஓட வைக்க முடியுமா? புது மோட்டார் வர பத்து நாள் ஆகுமாம். தெருவுல இப்பவே கணுக்கால் தண்ணி. உங்களை விட்டா அதைத் தெரிஞ்ச ஆள் கிடையாது."

ஃபிட்டர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு பூட்டைத் திறக்கச் சாவி கேட்டார். சாவி இருந்தது, பூட்டுத்தான் துருப்பிடித்து அசைய மறுத்தது. அறுத்துத் திறந்தார்கள்.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். டேங்கின் அடியில் தார் மாதிரி கசடு. சைலன்சர் குழாயில் எலி கூடு கட்டிக் குடும்பம் நடத்தியிருந்தது. வால்வுகளை மரச்சுத்தியால் தட்டித் தட்டி இளக்கினார். புதன்கிழமை, எஞ்சின் சக்கரத்தில் கடப்பாரையைக் கொடுத்து, மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினார்கள். ஒரு விரல் அகலம் நகர்ந்தது.

"அசையுதுய்யா!" என்று கத்தினார் ஆபரேட்டர். ஃபிட்டர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

கைப்பிடி ஒரு டீசல் டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. அது தானாகக் கழல்வதற்கென்று வாயிலிருந்த சரிவான வெட்டு ஒரு பக்கம் தேய்ந்து, ஓரம் பிசிறடித்து மடங்கியிருந்தது. ஃபிட்டர் அதை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். வெல்டு வைத்து, அரம் போட்டு, பலமுறை செருகிக் கழற்றிப் பார்த்துச் சரிசெய்தார். முழுசாக அரைமணி நேர வேலை. அவ்வளவுதான் அந்த வேலை என்பது அவரை உட்காரவைத்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் தயார். தெருவில் முழங்கால் தண்ணீர். ஃபிட்டர், "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடந்தார்.

கதவு திறந்தே இருந்தது. கட்டில்மேல் பெட்டி, பெட்டிமேல் அடுப்பு. அக்கா பாயைச் சுருட்டிப் பரணில் செருகிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அக்கா."

அவள் திரும்பினாள். "என்ன?"

"எஞ்சினைக் கிளப்பப் போறேன். சத்தம் கேக்கும். உன்கிட்ட சொல்லிட்டுக் கிளப்பலாம்னு..."

"கிளப்பு. தெருவே முழுகுது, என்னை எதுக்குக் கேக்குறே?"

அவர் நகரவில்லை. "அந்தக் கைப்பிடி தேஞ்சிருந்தது எனக்குத் தெரியும்க்கா. அத்தான் முதல் நாளே கொண்டாந்து காட்டினாரு. வெல்டு வெச்சுக் குடுடான்னாரு. நான்தான்..."

"நாளைக்குப் பார்த்துக்கலாம்னே" என்று முடித்தாள் அக்கா.

ஃபிட்டர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அவரு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாருடா. மூச்சு இழுக்க இழுக்கச் சொன்னாரு. 'தெரிஞ்சுதான் நானும் சுத்தினேன், அவன்மேல கோவப்படாதே'ன்னாரு."

"அப்புறம் ஏன்க்கா என்கிட்ட பேசாம..."

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். இன்னிக்கு வருவான், நாளைக்கு வருவான்னு ரெண்டு வருஷம் பார்த்தேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாசலைத் தாண்டிப் போவே. அவரு உன்னை மன்னிச்சுட்டுத்தான் போனாருன்னு சொல்ல வாய் வரைக்கும் வரும். உன் நடையைப் பார்த்தா வார்த்தை உள்ளயே போயிடும். அப்புறம் எதிர்பார்க்கிறதையே விட்டுட்டேன்."

"இப்ப நான் என்னக்கா செய்யட்டும்?"

"போய் வேலையைப் பாரு. தண்ணி ஏறுது."

அவர் திரும்பி வந்தார். ஆபரேட்டர் கைப்பிடியை எடுத்ததும் ஃபிட்டர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "யாரும் கிட்ட நிக்காதீங்க" என்று எல்லோரையும் வெளியே அனுப்பினார். ஆபரேட்டர் கதவுக்கு அப்பாலிருந்தே எட்டிப் பார்த்தார். ஃபிட்டர் சுற்றினார். கனத்தது. நான்காவது முறையில் எஞ்சின் ஒரு இருமல் இருமி அடங்கியது. டீசல் குழாயில் சிக்கியிருந்த காற்றை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினார். கரும்புகை அறையை அடைத்தது. துருவும் எலிக்கூட்டின் மிச்ச நாரும் சைலன்சர் குழாய் வழியாகக் கூரைக்கு வெளியே பறந்தன. எஞ்சின் பிடித்துக்கொண்டது. கைப்பிடி கழன்று கையோடு வந்தது. வெளியே கை தட்டினார்கள். அவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, வேட்டி முனையால் முகத்தை மூடிக்கொண்டார். புகைதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரை எஞ்சின் நிற்காமல் ஓடியது. தெருவில் சேறு மட்டும் மிஞ்சியது. அக்கா வீட்டில் பூட்டு தொங்கியது. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதுமே மகள் வந்து வெளியூருக்குக் கூட்டிப்போய்விட்டாளாம். தம்பிக்கென்று எதுவும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

அவர் போன் செய்தார். "அம்மா தூங்கறாங்க மாமா" என்றாள் மகள். அடுத்த முறை காலை பத்து மணிக்குச் செய்தார். அப்போதும் அம்மா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். வாரம் தவறாமல் செய்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அக்காவே எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா. நீ?"

"ம்."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கழுவி முடிக்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "வெச்சுடறேன்" என்றாள்.